இருவருக்கு ஒரு விருந்து

கிறிஸ்து பிறப்பு விழா நாளன்று நம் இல்லங்களில் எத்தனை பேருக்குச் சமைக்கிறோம் என்று எப்பொழுதேனும் எண்ணிப் பார்த்திருக்கிறோமா? நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும் அடுப்பு மூட்டப்படுகிறது. அண்ணன் குடும்பம், நாத்தனார் குடும்பம், எதிர் வீட்டார், ஆலையில் உடன் வேலை செய்யும் நண்பர்கள் என்று மாலை வரை பந்தி ஓய்வதில்லை. கல்கல், அதிரசம், கேக் ஆகியன தட்டுத் தட்டாகத் தெரு முழுவதும் செல்கின்றன. விருந்தோம்பல் நம் இரத்தத்தில் ஊறிய பண்பு. அதைக் குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் அவ்வளவு பேர் உண்ட வீட்டில், அந்த வீட்டுக் கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து அமர்ந்து உண்டார்களா என்று கேட்டால், பெரும்பாலும் விடை கிடைப்பதில்லை.

இந்தக் கேள்வியை நமக்குள் எழுப்பியவர்கள் கும்மிடிப்பூண்டி சிப்காட் பகுதியில் வாழும் ஓர் இளந்தம்பதியர். கணவர் உருக்காலை ஒன்றில் வேலை செய்கிறார். மனைவி வேறொரு தொழிற்சாலையில் பணிபுரிகிறார். அப்பகுதியின் பெரும்பாலான ஆலைகளில் காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணி, இரவு பத்து மணி என மூன்று ஷிப்டுகள். அவர் இரவு வேலை முடிந்து வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் நேரத்தில் இவர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கச் செருப்பை மாட்டிக்கொள்கிறார். சாவி கைமாறுகிறது, "பால் வாங்கியாச்சு, பாப்பாவுக்குச் சளி" என்று இரண்டு சொற்கள் கைமாறுகின்றன. ஒரு வாரத்தில் அவர்கள் பேசிக்கொள்வது இவ்வளவே.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருநாளில், இன்றிரவு நாம் இருவரும் சேர்ந்து நன்றாகச் சாப்பிடுவோம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். மனைவி மாலை ஐந்து மணிக்கே அடுக்களையில் புகுந்தார். பிரியாணி, கோழி வறுவல், கத்தரிக்காய்க் குழம்பு, தயிர்ப் பச்சடி, சேமியா பாயசம் என்று ஐந்து வகை. முந்தைய இரவு வேலை பார்த்த களைப்பில் கணவர் உறங்கிவிட்டார். எல்லாம் இறக்கி முடிந்த ஒன்பது மணிக்கு மதுராந்தகத்திலிருந்து உறவினர் நால்வர் வந்து சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பரிமாறி, பிள்ளைகளை உறங்க வைத்து, மனைவி தட்டில் கை வைத்தபோது மணி பதினொன்று. முன்னரே உண்டு முடித்திருந்த கணவர் எதையோ பேச வேண்டுமே என்று, "உப்பு கொஞ்சம் கம்மி போல" என்றார். அந்த அம்மையார் அழுதுவிட்டார். ஆறு மணி நேரம் நின்ற கால்களே அழுதன எனலாம். உப்பு அதற்கு ஒரு சாக்கு.

இதைக் கேட்டபோது மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் நம் நினைவிற்கு வந்தார். 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி 14 அன்று, திருமணம் செய்துகொள்ளவிருந்த இணையர் பல்லாயிரவரை அவர் உரோமையில் தூய பேதுரு சதுக்கத்தில் சந்தித்தார். அந்நாளைக் காதலர் நாள் என்று உலகம் கொண்டாடுகிறது. ஆனால் 1969-இல் திருவழிபாட்டு நாள்காட்டி திருத்தப்பட்டபோது புனித வாலன்டைன் நினைவு பொது நாள்காட்டியிலிருந்து நீக்கப்பட்டது. இன்று அது புனிதர்கள் சிரில், மெத்தோடியுஸ் ஆகியோரின் நினைவு நாள். நிற்க. அனுமதி கேட்பது, நன்றி கூறுவது, மன்னிப்புக் கேட்பது ஆகிய மூன்றும் இல்லறத்திற்கு வேண்டும் என்றும், சமாதானம் செய்துகொள்ளாமல் ஒரு நாளை முடிக்க வேண்டா என்றும் திருத்தந்தை அவர்களுக்கு அறிவுறுத்தினார். நல்ல அறிவுரைதான். ஆனால் ஷிப்டு வீட்டில் நாள் எப்பொழுது முடிகிறது? அவருடைய நாள் காலை ஆறு மணிக்கு முடிகிறது. இவருடைய நாள் அப்பொழுதுதான் தொடங்குகிறது. இருவருக்கும் ஒன்றாக முடியும் நாள் ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருவருக்கான விருந்தை ஆடம்பரம் என்று நாம் கருதாததற்குக் காரணம் இதுவே.

எனவே முதலில் நாளைத் தேர்ந்தெடுப்போம். டிசம்பர் 25-ஐ உற்றார் உறவினருக்கே கொடுத்துவிடுங்கள். நம் திருச்சபையில் பெருவிழா ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை. ஜனவரி முதல் நாள் வரை எண்கிழமை உண்டு. ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை பிறப்புக் காலம் நீள்கிறது. எண்கிழமைக்குள் திருக்குடும்ப விழாவும் வருகிறது. இருவர் விருந்துக்கு இதைவிடப் பொருத்தமான காலம் ஏது?

விடுமுறை கிடைக்கவில்லை என்பார்கள். தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் தேசிய, பண்டிகை விடுமுறைகள் சட்டம் ஒன்று உண்டு. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தியடிகள் பிறந்த நாள் ஆகிய நான்கோடு, பண்டிகைகளுக்கென மேலும் ஐந்து நாள்கள் ஊதியத்துடன் விடுமுறை அளிக்க அது வகை செய்கிறது. கிறிஸ்து பிறப்பு விழா உங்கள் ஆலையின் பட்டியலில் உள்ளதா என்று அறிவிப்புப் பலகையில் பாருங்கள். அவ்வாறு பட்டியலில் உள்ள நாளில் வேலைக்கு அழைக்கப்பட்டால், இரட்டை ஊதியம் பெறலாம். அல்லது அன்றைய ஊதியத்துடன் வேறொரு நாளை மாற்று விடுமுறையாகப் பெறலாம். தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கே உரியது. நம்மவர் பெரும்பாலும் பணத்தையே கேட்கிறார்கள். வாடகையும் பள்ளிக் கட்டணமும் அப்படி நெருக்குகின்றன. ஆண்டிற்கு ஒருமுறையேனும் நாளைக் கேட்டு வாங்கலாகாதா? அந்த மாற்று நாள் மனைவியின் வார விடுமுறையோடு சேரும்படி பார்த்துக்கொண்டால் போதும். விருந்து இரவில்தான் நடக்க வேண்டும் என்பதும் இல்லை. இரவு ஷிப்டுக்காரர்களுக்கு நண்பகலே நல்லிரவு.

அடுத்து, என்ன சமைப்பது? ஒரே பண்டம். ஐந்து வகை வேண்டா. நாம் பரிந்துரைப்பது நண்டு. அதற்குக் காரணம் சுவை மட்டுமன்று. நண்டை விரைவாக உண்ண முடியாது. ஒவ்வொரு காலாக உடைத்துத்தான் உண்ண வேண்டும். உண்பவர்க்கு இரு கைகளும் தேவை. மசாலை தோய்ந்த விரல்களால் கைப்பேசியைத் தொட இயலாது! ஒரு மணி நேரம் இருவரும் எதிரெதிரே அமர்ந்திருப்பதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நாம் இன்னும் கண்டதில்லை.

கும்மிடிப்பூண்டியில் வாழ்பவர்க்கு நண்டின் தாயகம் மிக அருகில் உள்ளது. மின்சார ரயிலில் கவரப்பேட்டையைக் கடந்து பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டிற்குப் பஸ் உண்டு. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. பெரும் பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. போர்த்துக்கீசியர் காலத்து மகிமை மாதா ஆலயத்திற்கு நம்மில் பலர் சென்றிருப்போம். அந்த ஏரியின் மீனவரிடையே 'பாடு' என்றொரு பழைய முறை உண்டு. இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலை கட்டலாம் என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். அவர்களுக்கும் ஷிப்டு உண்டு என்று சொல்லலாம்; ஆனால் அதை வகுத்தவர்கள் அவர்களே.

சேற்று நண்டு விலை மிகுதி. பெரியவை உயிருடன் வெளிநாடுகளுக்குச் சென்றுவிடுகின்றன. இருவருக்கு நடுத்தர அளவில் இரண்டோ மூன்றோ போதும். அதுவும் கட்டுப்படியாகாவிடில் கடல் நண்டு வாங்குங்கள், இறாலும் ஆகும். சேற்று நண்டை உயிருடன்தான் வாங்க வேண்டும். செத்த நண்டு விரைவில் கெடும். கையில் தூக்கினால் அளவுக்கு மீறிக் கனக்க வேண்டும்; அடிப்பக்கத்தை அழுத்தினால் அமுங்கலாகாது. வயிற்றின் வெளியே முட்டைக்கொத்து ஒட்டியிருப்பதை வாங்காதீர்கள். அது ஏரிக்கே உரியது. வெள்ளிக்கிழமை மட்டுமே நாள் கிடைக்கிறதென்றாலும் கவலையில்லை. புலால் தவிர்க்கும் நம் ஒழுங்கிற்கு நண்டு விலக்கன்று.

வாங்குவதும் கழுவுவதும் கணவரின் பொறுப்பு. இதில் நாம் விட்டுக்கொடுப்பதாக இல்லை. நண்டை அரை மணி நேரம் பனிக்கட்டியில் இட்டால் மரத்துப்போகும். கொடுக்குகளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. பிறகு மேலோட்டைப் பிரித்து, இரு பக்கமும் விரல் விரலாக உள்ள செவுள்களையும், வயிற்று மடலையும் நீக்கி, உடலை இரண்டாக வெட்டிக் கழுவ வேண்டும். கொடுக்குகளை அம்மிக் குழவியால் ஒரு தட்டுத் தட்டிக் கீறல் விடச் செய்தால் மசாலை உள்ளே இறங்கும். ஓங்கி அடித்தால் ஓட்டுத் துணுக்குகள் பல்லில் அகப்படும். நம் வீட்டில் முதன்முறை இதைச் செய்தபோது அப்படித்தான் ஆயிற்று.

மசாலையை முதல் நாளே அரைத்து வைத்துக்கொள்ளலாம். மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் ஒன்று, சோம்பு ஒன்று, தனியா ஒரு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் நான்கு ஆகியவற்றை வெறுஞ்சட்டியில் வறுத்து, மூன்று மேசைக்கரண்டித் தேங்காய்த் துருவலுடன் அரைக்க வேண்டும். மறுநாள் நல்லெண்ணெயில் கறிவேப்பிலை, ஒரு கை நிறையச் சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, இரண்டு தக்காளி, மஞ்சள்தூள் என வரிசையாக வதக்கி, அரைத்ததைச் சேர்த்துப் பச்சை வாடை போனதும் நண்டை இட்டு, சிறிது நீரும் உப்பும் சேர்த்து மூடிவிட வேண்டும். கால் மணி நேரத்தில் ஓடு செக்கச் சிவந்துவிடும். தொட்டுக்கொள்ள இடியாப்பம், அதைத் தெருமுனையில் வாங்கிவிடுங்கள். இனிப்புக்கு விழாவிற்குச் செய்த கேக் துண்டு இருக்கும். அடுப்படியில் நிற்கும் நேரம் மொத்தம் முக்கால் மணியைத் தாண்டாது. சமைத்தவர் உடன் அமர்ந்து உண்ண வேண்டும் என்பதே இத்திட்டத்தின் உயிர்நாடி.

மாமியார், மாமனார் உடன் வாழும் வீடுகளில் இது எப்படி நடக்கும் என்று தாய்மார்கள் கேட்பது நம் காதில் விழுகிறது. நண்டின் சிறு கால்களைத் தனியே எடுத்து இடித்து, மிளகு பூண்டு தட்டிப் போட்டு ரசம் வையுங்கள். சளிக்கு நல்லது என்று பெரியவர்கள் விரும்பிக் குடிப்பார்கள். ஏழரை மணிக்கு அவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உணவளித்துவிட்டு, "நாங்கள் இரண்டு பேரும் பிறகு சாப்பிடுகிறோம் அத்தை" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்துச் செய்தால்தான் மனத்தாங்கல் வரும். அவர்களும் ஒரு காலத்தில் இருவராக இருந்தவர்கள்தாமே.

மேசை நாற்காலி தேவையில்லை. ஒரு பாய், இரண்டு வாழை இலை. குழல் விளக்கை அணைத்துவிடுங்கள். வாசலில் தொங்கும் விண்மீன் விளக்கின் ஒளி அறைக்குள் விழுமானால் அதுவே போதும். புட்டிக்கு இந்த விருந்தில் இடமில்லை. குடித்தவரோடு பேச முடியாது. பேசவே இந்த ஏற்பாடு. சீட்டுப் பணம், கடன் தவணை, மூத்தவனின் கணக்கு மதிப்பெண் ஆகியவை மறுநாள் காலை வரை காத்திருக்கட்டும். பெண் பார்க்க வந்த அன்று யார் எந்த நிறத்தில் உடுத்தியிருந்தார்கள் என்று தொடங்கிப் பாருங்கள். இருவர் நினைவும் ஒத்துப்போகாது! பாத்திரம் துலக்குவது யார் என்பதை மட்டும் அடுப்பு மூட்டுமுன் முடிவு செய்துவிடுங்கள். அம்முடிவு இல்லாத விருந்து நடு இரவில் மீண்டும் உப்புப் பிரச்சினையில் போய் முடியும்.

அந்த உருக்காலைத் தம்பதியர் சென்ற ஆண்டு டிசம்பர் 28 அன்று இதைச் செய்து பார்த்தார்கள். கணவர் காலை ஷிப்டு முடித்து, பொன்னேரி சென்று நண்டு வாங்கி வந்தார். கழுவியதோடு நில்லாமல், "இன்னைக்கு நானே வைக்கிறேன், நீ உட்காரு" என்று கரண்டியையும் வாங்கிக்கொண்டாராம். இரவு எட்டரைக்கு அமர்ந்தவர்கள் பத்து மணி வரை எழவில்லை. குழம்பில் உப்புக் கரித்தது. மனைவி ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் இரண்டு இடியாப்பத்தை எடுத்து இலையில் வைத்துக்கொண்டார்.