அம்பாசிடரா, மாருதி 800-ஆ? அரியலூர் ரோட்டில் ஒரு குடும்பப் பஞ்சாயத்து!

அரியலூரில் இருக்கும் பெரியப்பாவிடம் 80-களில் வாங்கிய அம்பாசிடர். பெரம்பலூரில் இருக்கும் அப்பாவிடம் 90-களின் மாருதி 800. ரெண்டும் 15 வருஷத்தை எப்போதோ தாண்டியவை. 5 வருஷத்துக்கு ஒருமுறை ஆர்.டி.ஓ ஆபீஸில் காட்டி, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். இந்த முறை ரெண்டுக்கும் சேர்ந்து வந்துவிட்டது. ஒன்றை விற்றுவிடலாம் என்று பேச்சு. எதை?

''நீதான் பத்திரிகையில இருக்கியே, கணக்குப் போட்டுச் சொல்லு'' என்றார் பெரியப்பா. போட்டேன்.

அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் இந்திய வடிவம். 50-களின் கடைசியில் வந்தது. இன்ஜின் 1,489 சி.சி. சுமார் 50 குதிரைத்திறன், எடை 1,100 கிலோவுக்கு மேல். மாருதி 800 வந்தது 1983 டிசம்பரில். முதல் காரின் சாவியைக் கொடுத்தவர் இந்திரா காந்தி. 796 சி.சி., மூன்றே சிலிண்டர், 40-க்கும் குறைவான குதிரைத்திறன். ஆனால், எடை சுமார் 650 கிலோதான். கால் நூற்றாண்டு இடைவெளியில் பிறந்த ரெண்டுக்கும் உற்பத்தி நின்றது ஒரே வருஷம், 2014-ல்!

ஒரு குதிரை எத்தனை கிலோ இழுக்க வேண்டும்? டிரைவர் மட்டும் இருந்தால், அம்பாசிடரில் 23 கிலோ, மாருதியில் 19. சின்ன இன்ஜின் சீறுவது இதனால்தான். அஞ்சு பேர் ஏறினால்? அம்பாசிடர் 29, மாருதி 26. மாருதியின் லாபம் தேய்கிறது. ஏ.சி-யும் போட்டால் அந்தக் குட்டி இன்ஜின் மூச்சு வாங்குவது காலுக்கே தெரியும்.

இதெல்லாம் பேப்பரில். பெரம்பலூர் - அரியலூர் 30 கிலோமீட்டர் சொச்சத்தில் நிஜப் பரீட்சை, சுண்ணாம்புக்கல் லாரியை முந்துவது. (ஒரு காலத்தில் கடலுக்கடியில் கிடந்த மண்ணாச்சே, சுண்ணாம்புக்கல்லுக்கும் சிமென்ட் ஆலைகளுக்கும் பஞ்சமில்லை.) எதிரே வண்டி வருவதற்குள் சட்டென்று முந்த வேண்டும். தனியாகப் போனால் மாருதிதான். அம்பாசிடரில் நான் முயற்சி பண்ணுவதே இல்லை. லாரிக்குப் பின்னாலேயே தூசி தின்றுகொண்டு போவேன். பிரேக்கும் அப்படித்தான், ஏறி நின்று மிதிக்க வேண்டும். பெட்ரோல் கணக்கைப் பெரியப்பா காதில் விழாமல்தான் பேச வேண்டும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கிடைத்தால் அன்றைக்கு அவருக்குத் தீபாவளி.

பள்ளத்தில் இறங்கினால் கதை மாறுகிறது. மாருதிக்கு 12 அங்குல வீல், அம்பாசிடருக்கு 15. மாருதி ஒவ்வொரு குழியையும் முதுகெலும்புக்குச் சொல்லும். அம்பாசிடரின் பின்பக்கப் பட்டை ஸ்பிரிங், ஆடி அசைந்து விழுங்கிவிடும்.

அப்பாயிக்கு மூட்டுவலி. மாசம் ஒருமுறை திருச்சி ஆஸ்பத்திரி. மாருதி சீட்டில் குனிந்து, கிட்டத்தட்ட விழுந்து உட்கார வேண்டும். எழுப்ப ரெண்டு பேர். அம்பாசிடரில் கதவைத் திறந்தால், நாற்காலியில் உட்காருவதுபோல உட்கார்ந்துகொள்வார். இப்போது ரெண்டு வண்டியும் சேர்ந்து ஓடுவதே அந்த ஒரு வேலைக்குத்தான். எப்போதும் அஞ்சு பேர்.

அதனால், மாருதியை விற்கலாம் என்று சொன்னேன். ஸ்பேர் பார்ட்ஸ் தேடி அலையப்போவது நான்தான் என்று தெரிந்தேதான் சொன்னேன். பெரியப்பா சிரித்தார். அப்பா எதுவும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மாருதியைப் பார்க்க வருகிறார். அப்பா இன்னும் அதைக் கழுவவில்லை.