அம்மாவுக்கு மட்டும் டிக்கெட் எடுக்கலை... லீவு நாள் 'பனித் திருவிழா'க்களில் யார் விளையாடுறாங்க?

அரையாண்டுப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்குச் சாயங்காலம் உங்க வீட்டுலயும் இந்தப் பேச்சு வந்திருக்கும். "லீவுக்கு எங்க போறோம்?" திருவண்ணாமலையில் எங்கள் வீட்டிலும் வந்தது. அக்கா மகளுக்கு ஏழு வயசு. 'ஃப்ரோஸன்' படத்தை வசனத்தோடு ஒப்பிப்பாள். அவளிடம் பதில் தயாராக இருந்தது: "ஐஸ்ல சறுக்கணும், சித்தி."

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் தீபம், கிரிவலம். லீவு விட்டால் ஊருக்குள் வண்டி நிறுத்த இடம் இருக்காது. ஆனால் இங்கேயே பிறந்து வளர்கிற பிள்ளைக்கு, 2,668 அடி உயர மலை என்பது மொட்டை மாடிக்குப் போனால் தெரிகிற ஒன்று, அவ்வளவுதான். அதைப் பார்க்க ஊர் உலகமே வரும்போது, அவளுக்கு வேறு எங்காவது போகணும்.

கிளம்பினோம். அம்மா, அக்கா, அக்காவின் இரண்டு பிள்ளைகள், நான். சென்னையில் ஒரு பெரிய ஹாலில் விடுமுறைக்காகப் போட்டிருந்த பனித் திருவிழா. பேப்பரில் செய்த பனிமனிதன், தெர்மகோல் இக்ளூ, நடுவில் வெள்ளைத் தரையோடு ஸ்கேட்டிங் களம். டிக்கெட் கவுன்ட்டரில் அக்கா ஒரு நிமிஷம் நின்று கணக்குப் போட்டாள். ஓர் ஆள் டிக்கெட் காசில் எங்கள் வீட்டுக்கு ஒரு வாரக் காய்கறி வந்துவிடும். "எனக்கு எதுக்குடி? விழுந்து கைய கால உடைச்சிக்கிட்டா யாரு பாக்குறது?" என்று அம்மா தானாகவே ஒதுங்கிக்கொண்டார். நாங்களும் பெரிதாக வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஷூ மாட்டி உள்ளே இறங்கிய உடனே பாப்பா குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தாள். "சித்தி, இது சில்லுனு இல்ல. பிளாஸ்டிக்!"

அவள் சொன்னது சரி. பாலிஎத்திலீன் பலகைகளை ஒன்றோடொன்று கோத்துப் போடும் செயற்கைத் தரை அது. இரும்பு பிளேடு வைத்த அதே ஷூதான், ஆனால் நிஜப் பனிக்கட்டியைவிட உராய்வு அதிகம். ஒருமுறை உந்தினால் ஐஸில் போகிற தூரம் இதில் போகாது. இதை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். முன்கூட்டியே சொல்லாமல் 'பனி' என்று போஸ்டர் ஒட்டுவதுதான் பிரச்னை.

நிஜ ஐஸ் களம் போடுவது சாதாரண வேலை இல்லை. கான்கிரீட் தளத்துக்குள் குழாய்களை ஓட விட்டு, அதில் உறைநிலைக்கும் கீழே குளிர்ந்த திரவத்தைச் சுழற்றி, மேலே மெல்லிசாகத் தண்ணீர் தெளித்து, அடுக்கடுக்காக உறைய வைக்கணும். இரண்டு விரல் கனத்துக்கு ஐஸ் நிற்க, இரவு பகலாக மெஷின் ஓடணும். டேராடூனில் 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளுக்காகப் பெரிய உள்ளரங்கக் களம் ஒன்றைக் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் பராமரிப்புச் செலவு தாங்காமல், பத்து வருஷத்துக்கும் மேல் பூட்டிக் கிடந்து 2025-ல்தான் திரும்பத் திறந்தது. இமயமலை அடிவாரத்திலேயே இந்தக் கதை என்றால், நம்ம வெயிலில் கரன்ட் பில்லை நினைத்துப் பாருங்கள். (பனிக்கட்டிக்கு ஆசைப்படுவது சென்னைக்குப் புதுசு ஒன்றும் இல்லை. மெரினா எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-ல் கட்டிய 'ஐஸ் ஹவுஸ்'தான்.)

ஆக, தரை பிளாஸ்டிக்காக இருந்ததில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்னை உறுத்தியது இரண்டு விஷயங்கள்.

ஒன்று, நேரம். எங்களுக்குக் கொடுத்தது முக்கால் மணி நேரம். சைஸ் ஷூ தேடி, லேஸ் கட்டி முடிக்கவே கால் மணி போச்சு. மீதி நேரம் முழுக்க பாப்பா பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர்ந்தாள். நாலு முறை விழுந்தாள். ஒருவழியாகக் கம்பியை விட்டு மூன்றடி தனியாகப் போனாள் பாருங்கள், விசில் அடித்துவிட்டார்கள். அடுத்த பேட்ச் வெளியே நிற்கிறது. சறுக்க வந்தவர்களுக்கு நிற்கக் கற்றுக்கொள்ளும் நேரம்தான் கிடைக்கிறது. போட்டோ எடுக்க அது போதும். விளையாட?

இன்னொன்று, வெளியே இருந்த பெஞ்ச். திரும்பி வந்து பார்த்தால், அம்மா மாதிரியே பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள், பாட்டிகள். மடியில் பை, காலடியில் வீட்டாருடைய செருப்புகள், கையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில். போஸ்டரில் மட்டும் அப்பா, அம்மா, பிள்ளைகள், தாத்தா, பாட்டி எல்லாரும் சிரித்தபடி சறுக்குகிறார்கள். களத்துக்குள்ளே இருந்தது பிள்ளைகளும் செல்போனைத் தூக்கிப் பிடித்த அப்பாக்களும்தான். சேலைக்கு ஏற்ற ஏற்பாடு இல்லை. தள்ளிக்கொண்டே பழக பெங்குயின் பொம்மை கொடுக்கிறார்கள், அதுவும் குழந்தைகள் உயரத்துக்கு மட்டும். எங்கம்மா பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் வெறுங்காலோடு மலையைச் சுற்றி நடக்கிறவர். அவர் கால்மேல் அவருக்கே நம்பிக்கை இல்லாமல் போவது இந்த மாதிரி இடங்களில்தான்.

இதை எழுதுவதால் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள் என்று அர்த்தம் இல்லை. போங்க. போவதற்கு முன்னால் போன் போட்டு நிஜ ஐஸா, செயற்கைத் தரையா என்று கேளுங்க. ஷூ மாட்டும் நேரமும் கணக்கில் சேருமா என்று கேளுங்க. முழங்கால் மறைக்கிற பேன்ட், கனமான சாக்ஸ் எடுத்துக்கோங்க. கூட்டமான ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தைவிட வார நாள் காலை நல்லது.

அப்புறம், பிள்ளைக்கு நிஜமாகவே ஆசை இருந்தால் அதற்கு வழி சக்கரத்தில் இருக்கிறது. 2025 செப்டம்பரில் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1,000 மீட்டர் ஸ்பிரின்ட் தங்கம் வாங்கியது நம்ம சென்னை ஆனந்த்குமார் வேல்குமார். இந்தியாவுக்கு அந்தப் போட்டியில் அதுதான் முதல் தங்கம். 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 3,000 மீட்டர் ரிலேவில் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே வெண்கலம் வென்றன. பெண்கள் அணியில் கார்த்திகா ஜெகதீஸ்வரன், ஆரத்தி கஸ்தூரி ராஜ் என்று தமிழ்நாட்டுப் பெண்கள் இருந்தார்கள். இவர்கள் எல்லாம் ரோலர் ஸ்கேட்டர்கள். ஐஸுக்கும் சக்கரத்துக்கும் பேலன்ஸ் ஏறக்குறைய ஒன்றுதான். உலகம் முழுக்க சக்கரத்தில் தொடங்கி ஐஸுக்குப் போன வீரர்கள் நிறைய பேர். அதற்குக் குளிரூட்டும் மெஷின் வேண்டாம். வழவழப்பான சிமென்ட் தளமும், சுற்றிப் பிடித்துக்கொள்ளக் கம்பியும், சொல்லிக்கொடுக்க ஒரு ஆளும் போதும். சின்ன ஊர்களில் ஒரு கூடைப்பந்து மைதானம் அளவு இடம் அதற்காக ஒதுக்கினால், முக்கால் மணி விசில் பயம் இல்லாமல் பிள்ளைகள் தினமும் விழுந்து எழலாம். வீட்டுப் பக்கத்திலேயே என்றால் அம்மாக்களும் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சுடிதாரில் வந்து முயற்சி பண்ணுவார்கள். அக்கா வரும் வழியிலேயே கணக்குப் போட்டுவிட்டாள்: அன்றைக்கு ஆன மொத்தச் செலவில், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் ஆரம்ப நிலை ரோலர் ஷூ வாங்கியிருக்கலாம்.

மறுநாள் காலை, ஊரில். ஹாலில் சிரிப்புச் சத்தம் கேட்டு எழுந்து வந்தேன். பாப்பா சாக்ஸ் மாட்டிக்கொண்டு டைல்ஸ் தரையில் சறுக்கிக்கொண்டிருந்தாள். என்னுடைய இன்னொரு ஜோடி சாக்ஸ் அம்மா காலில் இருந்தது. சேலையைச் செருகிக்கொண்டு, ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி நாலடி சறுக்கிப் பார்த்தார்.

"இதுக்கா அவ்ளோ காசு வாங்குனான்?" என்று கேட்டுவிட்டு, திரும்ப ஒரு முறை சறுக்கினார்.