உறக்கமும் ஒரு விரதமே



சென்ற மகா சிவராத்திரியன்று இரண்டாம் காலப் பூசை முடிந்த வேளை. பிராகாரத்தில் ஒரு மூதாட்டி, தம் 13 வயதுப் பெயரனைத் தட்டித் தட்டி விழித்திருக்கச் செய்துகொண்டிருந்தார். விசாரித்தேன்.

"பத்து நாள் ஓயாமல் பேசுகிறான், இரவில் கண்மூடுவதே இல்லை. பிறகு ஒரு மாதம் பேச்சே இல்லை, பள்ளிக்கும் போக மறுக்கிறான். இருமுனை மனநோய் என்கிறார் டாக்டர். மாத்திரையை நிறுத்திவிட்டு விரதம் இருக்க வைக்கலாம் என்றிருக்கிறேன், ஐயா" என்றார்.

அவர் சொல்லில் இருந்தது முழுக்க அன்பு. ஆயினும் கண்விழிப்பு, விரதம், மருந்தை நிறுத்துதல் ஆகிய மூன்றுமே அக்குழந்தைக்குத் தீங்கானவை.

மனத்தின் ஏற்ற இறக்கம் எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. இந்நோயிலோ எழுச்சி பல நாள்கள் நீடிக்கும், உறக்கம் குறைந்தும் களைப்புத் தோன்றாது, பேச்சு விரையும், சிலரிடம் கடுஞ்சினமாக வெளிப்படும். தாழ்ச்சி வாரக்கணக்கில் தொடர்ந்து, படிப்பு, விளையாட்டு, உணவு எதிலும் நாட்டமின்றிச் செய்யும். குடும்ப வழியாக வரும் இயல்புக்கு இதில் பெரும்பங்கு உண்டு. வளர்ப்புக் குறை என்றோ, திமிர் என்றோ, முன்வினை என்றோ கூறிக் குழந்தையை மேலும் வருத்துதல் தகாது.

முதலாவது, கண்விழிப்பு. உறக்கம் கெட்டால் எழுச்சி நிலை மூளக்கூடும். சிவராத்திரியிலும் வைகுண்ட ஏகாதசியிலும் மாலைத் தரிசனம் செய்வித்து, வழக்கமான நேரத்தில் உறங்க வைத்தலே நலம்.

இரண்டாவது, விரதம். இந்நோய்க்குத் தரப்படும் மருந்துகளுள் லித்தியம் ஓர் உப்பு வகை. நீர் அருந்தாத விரதமும் உப்பில்லா நோன்பும் குருதியில் அதன் அளவை நஞ்சாகும் வரை உயர்த்திவிடலாம். கை நடுக்கம் மிகுதல், வாந்தி, நடைத் தள்ளாட்டம் கண்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மூன்றாவது, மருந்து. 'தெளிந்துவிட்டான்' என்று தோன்றும் நாளில்தான் நிறுத்தத் துணிவோம். அத்தெளிவு மருந்தால் வந்ததாக இருக்கலாம். திடீரென நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும். மனநோயுற்றோர் 48 நாள் தங்கி வழிபடும் குணசீலத்திலும் இன்று மனநல மருத்துவரின் கவனிப்புடன் மறுவாழ்வு இல்லம் இயங்குகிறது. வழிபாட்டுக்கு மருந்து பகையன்று.

தாத்தா பாட்டியராகிய நாம் செய்யத்தக்கவை பல. உறங்கிய நேரத்தையும் மனநிலையையும் நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டலாம். பெற்றோருடன் சென்று வகுப்பாசிரியரிடம் நிலைமையை எடுத்துரைக்கலாம். மருந்தால் காலையில் வரும் சோர்வைச் சோம்பல் என்று அவர் தண்டியாதிருப்பார். உறவினர் கூடிய இடத்தில் குழந்தையின் நோயைப் பேசாதிருக்கலாம்.

'நான் இருந்து என்ன பயன்' என்று குழந்தை கூறினால் விளையாட்டாக எண்ணாதீர்கள். தனியே விடாமல் உடனே மருத்துவரை நாடுங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

அன்றிரவு அம்மூதாட்டி சிறிது நேரம் சந்நிதியையே நோக்கி நின்றார். பின், "அவன் தூங்கட்டும்; அவனுக்கும் சேர்த்து நான் விழித்திருக்கிறேன்" என்று சொல்லி, பெயரனை அவன் தந்தையுடன் வீட்டுக்கு அனுப்பினார். அவ்விரவில் அதனினும் உயர்ந்த பூசையை நான் கண்டதில்லை.

இறையருள் துணைநிற்க.