அடிபம்பு தூண்டிலா?

சபையோ மடமோ வெளிநாட்டுத் தொண்டு அமைப்போ ஒரு கிராமத்தில் தண்ணீர் வேலையைத் தொட்டால் உடனே ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது. "தண்ணியைக் காட்டி ஆள் பிடிக்கிறாங்க. போட்ட குழாயும் ரெண்டு வருஷத்துல துருப்பிடிச்சு நிக்கும். இது கவர்ன்மென்ட் வேலை, வெளியாளுக்கு நம்ம மண்ணு என்ன தெரியும்?" சுனாமிக்குப் பிறகு கடலூர், சிதம்பரம் பக்கத்தில் இந்தப் பேச்சு வலுத்தது. இன்றைக்கு அதை மறுகேள்வி இல்லாமல் நம்புகிறவர்கள் பலர்.

முதலில் ஆள் பிடிக்கும் குற்றச்சாட்டு. சமய நோக்கமே கிடையாது என்று நான் வாதாட மாட்டேன். 19ஆம் நூற்றாண்டில் மேல்பட்டாம்பாக்கத்தில் கால் ஊன்றிய டேனிஷ் மிஷன் வேதம் சொல்லத்தான் வந்தது. அதன் வழிவந்த ஆற்காடு லுத்தரன் திருச்சபைக்குக் கடலூர்தான் தலைமையிடம். ஆனால், தண்ணீருக்காக யார் காத்து நின்றார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பொதுக்கிணறும் குளமும் சாலையும் எல்லாச் சாதியாருக்கும் உரியவை என்று 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார் இரட்டைமலை சீனிவாசன். அரசாணையும் அந்த ஆண்டே வந்தது. அதற்குப் பிறகும் ஊர்க்கிணற்றில் வாளி இறக்க முடியாத தெருக்கள் தலைமுறைகளாக இருந்தன. 1916-ல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் அப்படி ஒதுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்காக நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அதை யாரும் தூண்டில் என்று சொல்வதில்லை. சொல்லவும் கூடாது. குடத்தோடு எட்டி நின்று, யாராவது ஊற்ற மாட்டார்களா என்று காத்திருந்த பெண்ணின் தெருவில் ஒரு குழாய் வந்தால் அது மட்டும் எப்படித் தூண்டில் ஆகும்? தனிக்குழாய் வந்ததால் ஊர்க்கிணற்றின் தடை அப்படியே நீடித்தது என்று குறை சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அது நியாயமான குறை.

துருப்பிடிக்கும் கதைக்கு வருவோம். இதில்தான் வரலாறு தலைகீழாகச் சொல்லப்படுகிறது. அறுபதுகளில் கிராமங்களில் நட்ட வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு வீட்டுப் புழக்கத்துக்கானவை. ஊரே அடித்தபோது கைப்பிடி மூட்டு தேய்ந்து உடைந்தது. அதற்கு மாற்று தேடியவர்களில் முக்கியமானவர்கள் மகாராஷ்டிரத்தின் ஜால்னாவில் ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனில் இருந்தார்கள். எஃகுப் பம்பு, ஒரே அச்சில் ஆடும் நீண்ட கைப்பிடி என்று அங்கே உருவான வடிவம் சோலாப்பூரில் மேம்பட்டது. எழுபதுகளில் யுனிசெப்பும் சென்னைப் பொறியாளர்களும் அதை எடுத்துச் செப்பனிட்டு, கோயம்புத்தூர்ப் பகுதியின் ஆழமான கிணறுகளில் சோதித்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் இந்தியா மார்க் 2. நம் தெருமுனையில் நிற்கும் அடிபம்பு அதுவே. ஆப்பிரிக்கக் கிராமங்கள் வரை அது போயிருக்கிறது. மிஷன் பட்டறையில் தொடங்கிய வேலையை அரசு ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது.

அப்படியானால் பம்புகள் ஏன் செத்து நிற்கின்றன? உள்ளே இருக்கும் தோல் வாஷர் தேயும். மார்க் 2-ல் அதை மாற்ற, நிலத்தடியில் இறக்கிய குழாய் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டும். அதற்கு ஆளும் கருவியும் வண்டியும் வேண்டும். பம்பு நட்டவர் போன பிறகு அந்த ஆளை அனுப்ப வேண்டியது ஊராட்சி.

அரசு வேலை என்பது சரிதான். அந்தக் கடமையிலிருந்து அரசை யாரும் விடுவிக்க முடியாது. ஆனால் நம் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியின் தண்ணீர் 2004 முதல் 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் ஓடிச் சென்னைக்குப் போகிறது. இங்கே குடத்தோடு நிற்பவரிடம் அரசு வரும்வரை பொறுத்திரு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளியாளுக்கு நம் மண் தெரியாது என்ற கடைசி வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. கிள்ளை, பரங்கிப்பேட்டை போன்ற கரையோர மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பதடி இருக்கும். மேலே ஓரடி வற்றினால் அடியிலிருந்து உப்பு அந்த நாற்பதடி அளவுக்கு ஏறி வரும். இங்கே ஆழமாகத் துளை போட்டு மோட்டார் வைப்பது கெடுதல். பசிபிக் கடலின் பவளத் தீவுகளிலும் இதே கணக்குதான். அங்கே கிராமத் தண்ணீருக்கு உதவப் போகும் மிஷனரிகளும் இதைப் படித்துக்கொண்டுதான் வேலை தொடங்க வேண்டும், மழைநீரைத் தொட்டியில் சேர்க்க வேண்டும். வெளியாளுக்கு மண் தெரியாவிட்டால் அவரை விரட்ட வேண்டியதில்லை. கரையில் ஊற்று தோண்டிக் குடித்து வளர்ந்த மீனவப் பெண்களைக் கேட்டுவிட்டு இடம் குறிக்கச் சொன்னால் போதும்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. உங்கள் ஊரில் யார் எந்தப் பம்பை நட்டார்கள், எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று அன்றைக்கு ஒரு பட்டியல் கேளுங்கள். வாஷர் மாற்றும் பொறுப்பு யாருக்கு என்பதைத் தீர்மானமாகவே எழுதி வாங்குங்கள்.