போலிக் கணக்குக்கு உயிர் கொடுப்பது எங்கள் சொந்தப் பெயர்

உப்புவெளியில் நிலாவெளி வீதியோரமாக உள்ள தேநீர்க்கடை ஒன்றில் மஃரிப் தொழுகைக்குப் பிறகு நாங்கள் நாலைந்து பேர் கூடுவது வழக்கம். முஸ்லிம்களும் தமிழர்களும் ஒரே மேசையில்தான் அமர்ந்திருப்போம். சில வாரங்களுக்கு முன்பு தமிழ் நண்பர் ஒருவர் தன்னுடைய தொலைபேசியை என்னிடம் நீட்டி, "நானா, இது உங்கட ஆக்களா?" என்று கேட்டார்.

முகநூல் பதிவு ஒன்று. பெயர் முஸ்லிம் பெயர். முகப்பில் பள்ளிவாசலின் படம். கோயில்களைப் பற்றியும் தமிழ்ப் பெண்களைப் பற்றியும் அதில் எழுதப்பட்டிருந்ததை இங்கே திருப்பி எழுத எனக்கு மனமில்லை. கணக்கைத் திறந்து பார்த்தேன். ஆரம்பித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குடும்பப் படம் இல்லை, ஊர் இல்லை, படித்த பாடசாலை இல்லை. "இது ஆரெண்டு எனக்குத் தெரியாது அண்ணன்" என்றேன். "எனக்கும் விளங்குது. ஆனா இதை எனக்கு அனுப்பினது ஒரு படிச்ச மனுசன். அவர் தன்ர சொந்த நம்பரில இருந்துதான் அனுப்பினவர்" என்றார் அவர்.

அந்தக் கடைசி வார்த்தை என்னை விட்டுப் போகவில்லை. காரணம், அதே வேலையை ஒருகாலத்தில் நானும் செய்திருக்கிறேன்.

2018 ஏப்ரலில் திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிவது தொடர்பான பிரச்சினை எழுந்தது. ஆர்ப்பாட்டம் நடந்தது, இடமாற்றம் நடந்தது, விடயம் மனித உரிமைகள் ஆணைக்குழு வரை போனது. 2022 பெப்ரவரியில் அதே பிரச்சினை மீண்டும் வெடித்தது. இரண்டு தரப்பிலும் கண்ணியமாக வாதாடியவர்கள் இருந்தார்கள். பாடசாலையின் மரபு என்று ஒரு தரப்பும், விரும்பிய ஆடையை அணியும் உரிமை என்று மறு தரப்பும் பேசின. அது பேசித் தீர்க்க வேண்டிய விடயம்தான். ஆனால் என் தொலைபேசிக்கு வந்து குவிந்தவை அந்த வாதங்கள் அல்ல. எதிர்த் தரப்பிலேயே ஆகக் கேவலமாக எழுதியவர்களின் பதிவுகள்தான் ஸ்கிரீன்ஷாட்டாக வந்து கொண்டிருந்தன.

அதில் ஒன்று, தமிழ்ப் பெயருள்ள கணக்கொன்று எங்கள் பெண்களைப் பற்றி எழுதிய பதிவு. இரத்தம் கொதித்தது. "இவர்களுடைய மனதைப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்து இரண்டு வட்ஸ்அப் குழுமங்களுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, கணினி தெரிந்த தம்பி ஒருவர் அந்தக் கணக்கின் முகவரியைக் காட்டினார். மேலே பெயர் மாற்றப்பட்டிருந்தது. ஆனால் இணைப்பில் பழைய பெயர் அப்படியே இருந்தது. அது ஒரு முஸ்லிம் பெயர். அதை இயக்கியவர் தமிழரா, முஸ்லிமா, இரண்டும் இல்லாத வேறொருவரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பகிர்ந்ததை அழித்தேன். என்னிடமிருந்து அதை வாங்கிப் பகிர்ந்தவர்களிடமிருந்து அதை யார் அழிப்பது?

பிறர் பெயரைத் திருடி எழுதும் தந்திரம் எங்கள் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2022 ஜனவரியில் இந்தியாவில் 'புல்லி பாய்' என்ற செயலியில் முஸ்லிம் பெண்களின் படங்களைப் போட்டு அவர்களை ஏலம் விடுவதாகக் காட்டினார்கள். ஊடகவியலாளர்கள், செயற்பாட்டாளர்கள் என்று வாய் திறந்து பேசிய பெண்களே குறிவைக்கப்பட்டார்கள். அதைப் பரப்பிய கணக்குகள் சிலவற்றுக்குச் சீக்கியப் பெயர்கள் இருந்தன. பழி சீக்கியர்கள் மீது விழ வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்யப்பட்டதாக மும்பை பொலிஸார் கூறினார்கள். கைதானவர்களோ பதினெட்டு, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். அவர்களில் பொறியியல் மாணவர்களும் இருந்தார்கள். ஏதோ பெரிய அரக்கனைத் தேடிப் போனால், திரைக்குப் பின்னால் பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, "அடையாள அட்டை இலக்கம் கொடுத்தால்தான் முகநூல் கணக்கு திறக்கலாம் என்று சட்டம் கொண்டுவர வேண்டும்" என்று எங்கள் சகோதரர்கள் பலர் சொல்கிறார்கள். எனக்கும் ஒருகாலத்தில் அந்த எண்ணம் இருந்தது. நடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்த பிறகு மாறிவிட்டேன்.

2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறையில் முஸ்லிம் உணவகம் ஒன்றில் கறிக்குள் ஏதோ கட்டியாக இருப்பதாக ஒரு வாடிக்கையாளர் சத்தம் போட்டார். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரரைச் சூழ்ந்துகொண்டு, கருத்தடை மாத்திரை போட்டாயா என்று கேட்டு, தலையாட்ட வைத்துப் படம் பிடித்தார்கள். அந்தக் காணொளி பரவியது. கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அது வெறும் மாவுக்கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை கொடுத்தார். அதற்கு அடுத்த வாரம் திகன எரிந்தது. அங்கே மக்களைத் தூண்டியதாகக் கைதான அமித் வீரசிங்க முகமூடி போட்டவர் அல்ல. சொந்த முகத்தோடு, சொந்தப் பெயரோடு, திகன நகரில் நின்றபடி காணொளி வெளியிட்டவர். மார்ச் 7ஆம் திகதி அரசாங்கம் முகநூலையும் வட்ஸ்அப்பையும் முடக்க வேண்டிய நிலை வந்தது. அந்த வன்முறையில் தனது தளம் தவறாகப் பயன்படுத்தப்பட்டதற்காக முகநூல் நிறுவனம் வருத்தம் தெரிவிக்க 2020 மே மாதம் வரை ஆனது.

2019 மே 12ஆம் திகதி சிலாபத்தில் நடந்ததும் அப்படித்தான். முஸ்லிம் வர்த்தகர் ஒருவர் தன் சொந்தக் கணக்கில், ஆங்கிலத்தில், அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற பொருளில் ஒரு வரி எழுதினார். அது மிரட்டலாக மொழிபெயர்க்கப்பட்டுப் பரவியது. அவரது கடையும் பள்ளிவாசல்களும் கல்லெறிக்கு உள்ளாயின. மறுநாள் வன்செயல் வடமேல் மாகாணத்தின் பல ஊர்களுக்கும் பரவி, ஓர் உயிரும் போனது. எழுதியவருக்குப் பெயர் இருந்தது. அந்தப் பெயர் யாரையும் காப்பாற்றவில்லை.

சொந்தப் பெயரில் பேசுகிறவருக்கு இந்த நாட்டில் என்ன நடக்கும் என்பதற்கு ரம்ஸி ராஸிக் அவர்களின் கதை ஒன்றே போதும். ஓய்வுபெற்ற அரச உத்தியோகத்தர். இனவாதத்துக்கு எதிராகப் பேனாவாலும் விசைப்பலகையாலும் கருத்துப் போராட்டம் நடத்த வேண்டும் என்று 2020 ஏப்ரலில் முகநூலில் எழுதினார். அதில் 'ஜிஹாத்' என்ற சொல் இருந்தது. கொலை மிரட்டல்கள் வந்தன. பாதுகாப்புக் கேட்டுப் பொலிஸில் முறையிட்டார். கைது செய்யப்பட்டவர் அவர்தான். ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் கீழ் ஐந்து மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில்தான் தீர்ப்பளித்தது.

எங்கள் திருகோணமலையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 2006 ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கைக்குண்டு வெடித்து இறந்ததாகச் சொல்லப்பட்டது. ஊடகவியலாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள் துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைக் காட்டிக் கொடுத்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவர் இந்த நகரத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் படங்களை எடுத்தவர் யாரென்று யாருக்கும் தெரியாமல் இருந்திருந்தால், இன்று அவர் எங்களோடு இருந்திருக்கலாம்.

அதனால்தான் சொல்கிறேன்: பெயரை மறைப்பது தன்னளவில் பாவமும் அல்ல, வீரமும் அல்ல. அந்தத் திரை யாரைக் காக்கிறது, யாரைத் தாக்குகிறது என்பதே கேள்வி. பலசாலிகளின் அநியாயத்தை வெளியே சொல்ல, அடிபடக்கூடிய ஒருவர் பெயரை மறைத்தால் அது அவருக்குக் கேடயம். கணவனிடம் அடிவாங்கும் பெண்ணுக்கும், அலுவலக ஊழலைக் கண்ட சிற்றூழியருக்கும் அந்தக் கேடயம் தேவை. அதே திரைக்குப் பின்னால் இருந்து ஒரு பெண்ணின் படத்தையோ, ஒரு சமூகத்தின் நம்பிக்கையையோ அசிங்கப்படுத்தினால் அது கேடயம் அல்ல, கத்தி.

இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வேலையை அரசாங்கத்திடம் ஒப்படைக்கலாமா? 2024 ஜனவரி 24ஆம் திகதி பாராளுமன்றம் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலத்தை நிறைவேற்றியது. எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை அது ஓர் ஆணைக்குழுவிடம் கொடுக்கிறது. போலிக் கணக்குகளைப் பற்றியும் அதில் ஏற்பாடுகள் உண்டு. ஆனால் ரம்ஸி ராஸிக்கைச் சிறையில் வைத்த சட்டமும் வெறுப்புப் பேச்சிலிருந்து எங்களைப் போன்ற சிறுபான்மையினரைக் காக்கும் என்று சொல்லப்பட்ட சட்டம்தான். போலிக் கணக்குக்காரனைத் தேட நாட்கணக்கில் தொழில்நுட்ப விசாரணை வேண்டும். சொந்தப் பெயரில் எழுதுகிறவனைப் பிடிக்க ஒரு ஜீப் போதும். எந்தச் சட்டம் வந்தாலும் முதலில் அகப்படுவது யார் என்பது அனுபவத்தில் தெரிந்ததுதான்.

அடுத்தவரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு எங்கள் வீட்டைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது நீதியாகாது. தேர்தல் வந்தால் எங்கள் வேட்பாளர்களின் குடும்பங்களை இழுத்து எழுதும் போலிக் கணக்குகளைப் பெரும்பாலும் இயக்குவது எங்கள் பிள்ளைகள்தான். கொள்கை முரண்பாட்டில் மௌலவிமார்களுக்குப் பட்டப்பெயர் வைப்பவர்களும் நாங்கள்தான். ஒரு முஸ்லிம் பெண் திருமணச் சட்டத்தைப் பற்றியோ தன் தொழிலைப் பற்றியோ பேசினால், பெயரில்லாத முகங்கள் அவளது ஒழுக்கத்தைப் பற்றித் தீர்ப்பு எழுதுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளையின் படத்தை யாரோ இப்படிப் போட்டதால், அவள் உயர்தரப் பரீட்சை வருடத்தில் டியூஷனுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். போட்டவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் பகிர்ந்தவர்கள் அத்தனை பேரையும் அவளுடைய வாப்பாவுக்குத் தெரியும். அவர்களில் சிலர் அவரோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறவர்கள். அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "ஆரோ ஒருத்தன் எழுதினது எனக்கு வலிக்கல்ல. தெரிஞ்ச ஆக்கள் அனுப்பினதுதான் வலிக்குது."

அன்னை ஆயிஷா (ரழி) அவர்கள் மீது அவதூறு சொல்லப்பட்ட சம்பவம் எங்களுக்குப் புதியதல்ல. அதைக் கிளப்பிவிட்டவன் நயவஞ்சகர்களின் தலைவன். ஆனால் மதீனாவில் அது பரவியது அவனால் மட்டும் அல்ல. நல்ல முஸ்லிம்கள் சிலரும் அதை வாய்க்கு வாய் கொண்டுபோனார்கள். அதனால்தான் சூரா அந்நூர் எழுதியவனை மட்டும் கண்டித்துவிட்டு நிற்கவில்லை. கேட்டவுடனே நல்லெண்ணம் கொள்ளாமல், அறிவில்லாத ஒன்றை நாவால் பரப்பிய விசுவாசிகளையும் நோக்கியே பேசுகிறது. இன்று நாவின் வேலையைப் பெருவிரல் செய்கிறது.

ஒரு போலிக் கணக்கின் பதிவை முதலில் இருபது பேர்தான் பார்ப்பார்கள். அதற்கு எடை கொடுப்பது ஆசிரியர், மௌலவி, வியாபாரி, பள்ளிவாசல் நிர்வாகி என்று ஊரில் பெயருள்ள நாங்கள். பெயரில்லாதவனுக்கு எங்கள் பெயரை இரவல் கொடுக்கிறோம்.

ஆகவே சட்டத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியவற்றை முன்வைக்கிறேன். எவரென்று தெரியாத கணக்கு எழுதியதை, கண்டிப்பதற்காகக்கூடப் பகிர வேண்டாம். கண்டிக்கும் பகிர்வும் பகிர்வுதான். அதை முகநூலுக்கு முறையிடுங்கள், சாட்சிக்காக ஒரு பிரதியை உங்களிடமே வைத்திருங்கள். பள்ளிவாசல் வட்ஸ்அப் குழுமங்களில் ஊர், பெயர், திகதி இல்லாத ஸ்கிரீன்ஷாட் வந்தால் அதை நீக்கும் பொறுப்பை நிர்வாகம் ஒருவருக்குக் கொடுக்கட்டும். பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்குப் போய் அவளிடம் விளக்கம் கேட்பதை விட்டுவிட்டு, பகிர்ந்தவர்களிடம் போய்க் கேட்போம். இரு சமூகத்தையும் தொடும் பதிவு வந்தால், எங்கள் குழுமத்தில் போடுவதற்கு முன்னர் மறு சமூகத்தில் நமக்குத் தெரிந்த ஒருவரை அழைத்துப் பேசுவோம்.

என் தமிழ் நண்பர் அன்று செய்தது அதைத்தான். அந்தப் பதிவை அவர் தன் ஆட்களுக்கு அனுப்பவில்லை. என்னிடம் கொண்டுவந்து, "இது உங்கட ஆக்களா?" என்று முகத்தைப் பார்த்துக் கேட்டார். 2018இல் நான் அப்படி ஒருவரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டும். இனியாவது கேட்பேன்.