கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கூடு

 

வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய்கள் நிறைந்துவிட்டால், மதுரைச் சமவெளிக்குச் சிறகுள்ள விருந்தினர்கள் வரத் தொடங்குகின்றனர். கோச்சடையில் வாழும் நமக்கு வைகைக் கரையும் மாடக்குளம் கண்மாயும் அருகிலேயே உள்ளன. நகரின் தென்கிழக்கே சாமநத்தம் கண்மாய். மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி. திருப்பத்தூர்ச் சாலையில் மேலும் சென்றால் சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். விடுமுறை நாள்களின் அதிகாலையில் இவ்விடங்களுக்குக் கேமராவுடன் செல்லும் நம் வீட்டுப் பிள்ளைகளின் எண்ணிக்கை பெருகி வருகிறது. "ஹஜ்ரத், உயிருள்ளவற்றைப் படம் பிடிப்பது மார்க்கத்தில் கூடுமா?" எனப் பெற்றோர் நம்மிடம் வினவுகின்றனர்.

உருவம் வரைவது குறித்த எச்சரிக்கைகள் நபிமொழிகளில் உறுதியாக வந்துள்ளன. கேமராப் படமும் அதில் அடங்குமா என்பதில் உலமாப் பெருமக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முஃப்தியாக விளங்கிய ஷைகு முஹம்மத் பகீத் அல்முத்தீஈ அவர்கள், கேமரா புதிதாக ஓர் உருவத்தைப் படைப்பதில்லை, கண்ணாடியில் விழும் நிழலைப் போன்ற ஒன்றைப் பிடித்து வைக்கிறது என்று விளக்கி, அதனை அனுமதித்துத் தனி நூலே எழுதினார்கள். நம் நாட்டு உலமாக்களில் பலர், தேவையின்றி உயிரினங்களைப் படமெடுப்பதைத் தவிர்க்க வேண்டுமென்றே கூறுகின்றனர். அக்கருத்தைப் பின்பற்றும் குடும்பத்தார் பிள்ளைக்கு ஒரு பைனாகுலரும் குறிப்பேடும் வாங்கிக் கொடுக்கலாம். பறவையை அறிவதற்கு அவை போதும். அனுமதிக்கும் கருத்தைப் பின்பற்றுவோரை இகழ்வதும் முறையன்று.

ஆனால், இந்த வினாவுடன் நாம் நின்றுவிடுகிறோம் என்பதே நமது கவலை. படம் கூடுமா என்று கேட்கும் நாம், அப்படத்தை எடுப்பதற்காக அப்பறவைக்கு என்ன செய்தோம் என்று கேட்பதில்லை. முதல் வினாவில் கருத்து வேறுபாட்டிற்கு இடமுண்டு. இரண்டாவதில் இல்லை.

பறவையின் உரிமை

பூமியில் ஊர்வனவும் இரு சிறகுகளால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று திருக்குர்ஆன் அறிவிக்கிறது (6:38). தலைக்கு மேலே சிறகை விரித்தும் மடக்கியும் பறப்பவற்றைப் பார்க்கவில்லையா என்றும் அது வினவுகிறது (67:19). பறவையைப் பார்ப்பது வீண்பொழுதன்று. சிந்தனையோடு பார்ப்பது வணக்கத்திற்கு நெருக்கமானது.

பார்ப்பதற்கும் எல்லை உண்டு. அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் அறிவித்து அபூதாவூதில் பதிவாகியுள்ள நிகழ்ச்சியை நம் மதரஸாப் பிள்ளைகள் அறிவர். பயணம் ஒன்றில் நபித்தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை சிறகடித்துப் பதறியது. அதைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதனைத் துயருறுத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கப் பணித்தார்கள். தோழர்கள் குஞ்சுகளைக் கொன்றதாகவோ அடித்ததாகவோ அந்த அறிவிப்பில் இல்லை. தாயின் பதற்றமே அண்ணலாருக்குப் போதுமான காரணமாயிற்று என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

அண்மையில் நம் மாணவர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கூட்டில் மூன்று குஞ்சுகள் வாய் பிளந்து நின்றன. கண்ணுக்கு இனிய காட்சிதான். கூட்டின் மீது ஓர் இலைகூட இல்லாதது ஏன் என்று கேட்டோம். மறைத்துக்கொண்டிருந்த இரண்டு கொப்புகளை ஒடித்ததாகத் தயக்கமின்றிச் சொன்னார். அவர் கல்நெஞ்சர் அல்லர். பூனைக்குப் பால் வைப்பவர். கொப்பை ஒடிப்பதும் ஒரு தீங்கு என்று அவருக்கு எவரும் சொல்லவில்லை. அதனைச் சொல்லும் பொறுப்பு ஆசிரியர்களாகிய நமக்கும் பெற்றோர்களாகிய உங்களுக்கும் உண்டு.

அந்தக் கொப்புகள் குஞ்சுகளுக்கு நிழலாகவும் திரையாகவும் இருந்தவை. நம் ஊர் வெயிலில் திறந்து கிடக்கும் கூடு விரைவில் கொதித்துவிடும். காக்கையும் பருந்தும் எளிதில் கண்டுகொள்ளும். நாரைகள் சிறகை விரித்துத் தம் குஞ்சுகளுக்குக் குடை பிடிக்கின்றன. நாம் நெருங்கினால் அவை எழுந்து பறக்க, குஞ்சுகள் வெயிலில் தவிக்கின்றன. ஆள்காட்டிப் பறவை வெறுந்தரையிலேயே முட்டையிடுகிறது. மண்ணின் நிறத்திலுள்ள அதன் முட்டைகளைப் பார்க்காமல் மிதித்துவிடலாம். பறக்கும் படம் வேண்டிக் கல்லெறிந்து கூட்டத்தை எழுப்புவோரையும் காண்கிறோம். வடதிசையிலிருந்து வந்த உள்ளான்களும் வாத்துகளும் திரும்பிச் செல்லும் நெடும்பயணத்திற்காகக் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும் காலம் அது. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அச்சேமிப்பிலிருந்து பறிக்கிறோம். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது இன்னொரு வழக்கம். தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதென நம்பி, இரை தேடுவதையும் அடைகாப்பதையும் விட்டு அது ஓடி வருகிறது. இதனை ஏமாற்று என்றல்லாமல் வேறென்ன சொல்வது?

சோதனை

இஹ்ராமில் இருப்போருக்கு வேட்டை தடுக்கப்பட்டிருப்பதை நாம் அறிவோம். அது குறித்து அல்மாயிதா அத்தியாயத்தில் வரும் ஒரு வசனம் (5:94) சிந்திக்கத்தக்கது. கைகளும் ஈட்டிகளும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளை வரச்செய்து, மறைவில் தன்னை அஞ்சுவோர் யாரெனக் காண அல்லாஹ் நம்பிக்கையாளர்களைச் சோதிப்பான் என்பது அதன் கருத்து. ஆளரவமற்ற கண்மாய்க்கரையில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கூடு. தடுக்க வனக்காவலர் இல்லை. பார்க்க மனிதர் இல்லை. இன்னும் இரண்டடி முன்னே வைத்தால் எவரும் எடுக்காத படம் கிடைக்கும். இஹ்ராம் உடை இல்லாவிடினும் சோதனை அதுவே. அந்த இரண்டடியை வைக்காமல் திரும்புவதே தக்வா.

அந்த இரண்டடியை எதற்காக வைக்கிறோம் என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். படைப்பின் அழகை அறியவா, விருப்பக்குறிகளை எண்ணவா? நல்ல செயலையும் முகஸ்துதி அரித்துவிடும் என்பது நமக்குத் தெரியாததன்று.

அண்டை ஊரார் தரும் பாடம்

வேட்டங்குடி 1977ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதனையொட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டியிருக்கும் பறவைகள் அஞ்சக்கூடாதென்று பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பண்டிகை நாளில் பட்டாசு கேட்கும் குழந்தைக்கு மறுப்புச் சொல்வது எளிதன்று. அவ்வூர்த் தாய்மார்கள் ஆண்டுதோறும் அதைச் செய்கின்றனர். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வரவிருந்தபோது சுற்றுவட்டார மக்கள் திரண்டு எதிர்த்தனர். 2025 சனவரியில் ஏலம் ரத்தாயிற்று. பறவைகளுக்காக அவர்கள் ஒரு பண்டிகையின் ஓசையையே விட்டுக்கொடுக்கின்றனர். ரஹ்மத்துன் லில்ஆலமீன் என நாம் போற்றும் நபியின் உம்மத்தாகிய நம்மால் ஒரு படத்தை விட்டுக்கொடுக்க இயலாதா?

நம் சமுதாயத்திலும் முன்மாதிரி உண்டு. 1896இல் பிறந்த ஸாலிம் அலீ அவர்கள், சிறுவயதில் தாம் சுட்டு வீழ்த்திய குருவி ஒன்றின் கழுத்தில் மஞ்சள் நிறம் கண்டு வியந்தார். அந்த வியப்பு அவரைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்கு அழைத்துச் சென்றது. இந்தியாவின் தலைசிறந்த பறவை அறிஞராக ஆக்கியது. 1985இல் வெளிவந்த தம் வரலாற்று நூலுக்கு அந்தக் குருவியின் வீழ்ச்சியையே பெயராகச் சூட்டினார். அக்காலத்தில் பறவையை ஆராய அதனைச் சுட வேண்டியிருந்தது. இன்று கேமரா அத்தேவையைப் பெருமளவு நீக்கியுள்ளது. உயிரைப் பறிக்காமல் அறிவைத் தரும் அக்கருவியை மீண்டும் ஆயுதமாக்கிவிடக் கூடாது.

ஆகவே, கேமரா வாங்கித் தரும் பெற்றோர் கூடவே இவற்றையும் கற்பிக்க வேண்டுகிறோம்:

1. ஃபஜ்ரை ஜமாஅத்துடன் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். படத்திற்கு உகந்த இளவெயில் அதன் பிறகே வருகிறது.

2. கூட்டையும் முட்டையையும் குஞ்சையும் தேடிச் சென்று படமெடுக்காதீர்கள். பறவை தலை தூக்கி நம்மையே பார்த்தாலோ இரை தேடுவதை நிறுத்தினாலோ, வந்த வழியே பின்வாங்குங்கள்.

3. கல், குரல் ஒலிப்பு, இரவில் ஆந்தையின் முகத்தில் விளக்கொளி ஆகிய மூன்றும் வேண்டா.

4. அரிய பறவையின் இருப்பிடத்தை ஊரறியப் பகிராதீர்கள். கிளி பிடிப்போரும் கண்ணி வைப்போரும் அதனைப் படிக்கின்றனர். காட்டுப்பறவைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஹலாலான பறவை என்பது அதற்கு விடையாகாது.

5. இறைச்சிக் கடைக் கழிவையும் குர்பானிக் கழிவையும் கண்மாயில் கொட்டுவதைத் தடுங்கள். அது நாய்களைப் பெருக்குகிறது; தரையில் கூடு கட்டும் பறவைகள் அவற்றிற்கு இரையாகின்றன. குர்பானி வணக்கம்; அதன் கழிவால் ஒரு கண்மாயைக் கெடுப்பது வணக்கமாகாது.

பிள்ளைகள் வீடு திரும்பியதும் எத்தனை படம் எடுத்தாய் எனக் கேட்பதோடு, எதை எடுக்காமல் விட்டு வந்தாய் என்றும் கேளுங்கள். அதற்கு அவர்களிடம் விடை இருக்குமானால், மதரஸாவில் நாம் படித்துக்கொடுத்த அந்தத் தாய்ப்பறவையின் ஹதீஸ் அவர்கள் உள்ளத்தில் இறங்கியிருக்கிறது என்று பொருள்.

தன் படைப்புகளிடம் கருணையோடு நடப்போராக வல்ல ரஹ்மான் நம்மையும் நம் மக்களையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.