டிக்கெட் வாங்கினால் தீவு; வலை எடுத்தால் வழக்கு!

கொல்லிமலைக்குப் போயிருப்பீர்கள். 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, வாசலூர்பட்டி படகு இல்லத்தில் பிள்ளைகளோடு படகிலும் போயிருப்பீர்கள். காசு கொடுத்தோம், ஏறினோம், இறங்கினோம். நீ யார், எந்த ஊர் என்று யாரும் மறிக்கவில்லை.

இதே தமிழ்நாட்டில் கீழக்கரைக்கும் பாம்பனுக்கும் போய்ப் பாருங்கள். மறிக்கிறார்கள். யாரை? தலைமுறை தலைமுறையாக அந்தக் கடலில் வள்ளம் விட்டவனை!

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும், மொத்தம் 560 சதுர கிலோமீட்டர், 1986ல் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா என்று அரசு அறிவித்தது. ஆவுளியாவையும் ஆமையையும் பவளப்பாறையையும் காக்கத்தான் வேண்டும். பவளம் செத்தால் மீன் இல்லை என்பது மீனவனுக்குத் தெரியாதா? ஆனால் காற்று வீசினால் ஒதுங்கவும், வலை உலர்த்தவும், பாசி எடுக்கவும் அவன் படகைக் கரையேற்றிய தீவில் இன்று அவன் கால் பட்டால் குற்றம். அதே தீவுகளில் ஒன்றான குருசடைக்கு, குந்துகாலில் இருந்து வனத்துறையே படகு விட்டுச் சுற்றுலாப் பயணிகளை இறக்கியது! டிக்கெட் வாங்கியவன் காலுக்குப் பவளம் நொறுங்காதா?

பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலில் மூழ்கிப் போயின. சுண்ணாம்புக்கும் ஆலைகளுக்கும் பவளப்பாறையை வெட்டி அள்ளியதுதான் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வலை உலர்த்தியவன் மூழ்கடித்த தீவு ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

சட்டம் என்ன சொல்கிறது? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991ல் சேர்த்த 26ஏ பிரிவைப் படியுங்கள். கடற்பகுதியைச் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்த பிறகே எல்லை வகுக்க வேண்டும். படகுகள் தீங்கின்றிக் கடந்து செல்லும் உரிமையும் பாதிக்கப்படாது. எழுதியவர்கள் மீனவர்கள் அல்ல, நாடாளுமன்றம்!

கேட்டால் கிடைக்குமா என்று சோர்ந்து போகாதீர்கள். சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண்களைப் பாருங்கள். மாதத்தில் 12 நாள்தான் எடுப்போம், இரும்புச் சுரண்டியால் பாறையைக் கீறமாட்டோம் என்று தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு அதிகாரிகளிடம் பேசினார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. கல்லூரிப் படிப்பும் கட்சிக் கொடியும் உள்ள நம் இளைஞர்கள் அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

வியாபாரிகளுக்கும் ஒரு வார்த்தை, கசந்தாலும் பரவாயில்லை. 2001ல் கடல் அட்டைக்குத் தடை வந்தது. தடை தவறு என்றால் நீதிமன்றத்தில் வாதாடுங்கள், தெருவில் போராடுங்கள். இரவில் வாங்கிக் கப்பலேற்றாதீர்கள். பிடித்தவன் சிறையில், வாங்கியவன் கல்லாவில்! அந்த ஒரு வழக்கைக் காட்டித்தான் கடற்கரை முழுவதையும் திருடன் என்கிறார்கள்.

அடுத்த மீனவர் குறைதீர்க்கும் நாளில் ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு ஜமாஅத், மீனவர் சங்கம், வியாபாரிகள் என்று எல்லோரும் சேர்ந்து போங்கள். வாயால் கேட்காதீர்கள், தகவல் உரிமைச் சட்டத்தில் எழுத்தால் கேளுங்கள். எந்தத் துறையில் நாட்டுப்படகு இறங்கலாம், எதில் கூடாது, எந்த உத்தரவின்படி? புயல் நேரத்தில் ஒதுங்க எந்தத் தீவு? தீவுக்குப் போகும் சுற்றுலாப் படகை ஓட்டும் வேலையில் அந்தக் கரையின் மீனவர்கள் எத்தனை பேர்?

முப்பது நாளில் பதில் தந்தாக வேண்டும்.